மியூனிக்குக்குக் குடும்பத்தோடு கிளம்பும் முன்: பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிக்கு ஒரு வழிகாட்டி

2015 கோடையில் கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் மியூனிக் வந்து இறங்கியபோது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு இரண்டு. ஒரே வீட்டில் வளர்ந்தும் இருவரின் படிப்பும் வெவ்வேறு தடத்தில் போயிற்று. மகன் மழலையர் காப்பகத்திலேயே ஜெர்மன் பேசப் பழகி, நான்காம் வகுப்பு முடித்ததும் சிரமமில்லாமல் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான கிம்னாசியம் என்ற பள்ளிக்குப் போனான். மகள் மூன்றாம் வகுப்பில் ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்தாள். மொழி பிடிபடுவதற்குள் இந்த ஊர் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் நாள் வந்துவிட்டது. கெட்டிக்காரத்தனத்தில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. வந்து இறங்கிய வயதுதான் வேறு.

அதனால்தான், புதிதாக வருகிறவர்கள் "நல்ல ஸ்கூல் எதுக்கா?" என்று கேட்டால், "பாப்பாவுக்கு என்ன வயசு?" என்று திருப்பிக் கேட்கிறேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகும்.

ஜெர்மனியில் பள்ளிக் கல்வி மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. மொத்தம் 16 மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம். பெர்லினில் ஆரம்பப் பள்ளி ஆறு வருடம். பவேரியாவில் நான்கே வருடம். நான் எழுதுவது பவேரியாவைப் பற்றி, அதிலும் மியூனிக்கை வைத்து. ஸ்டுட்கார்ட்டுக்கோ ஹாம்பர்க்குக்கோ போகிறவர்கள் பொதுவான அமைப்பைப் புரிந்துகொள்ள இதைப் படிக்கலாம். தேதிகளையும் மதிப்பெண் வரம்புகளையும் மட்டும் அந்தந்த மாநிலத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும்போதே

தடுப்பூசி அட்டையிலிருந்து தொடங்குங்கள். 2020 மார்ச் 1 முதல் தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஆதாரம் காட்டாமல் இங்கே மழலையர் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள், பள்ளியிலும் கேட்பார்கள். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு இரண்டு தவணை போட்டிருக்க வேண்டும். நம் ஊரில் குழந்தை மருத்துவர் கையால் எழுதித் தரும் சின்னப் புத்தகம் போதும். ஆனால் தேதியும் மருந்தின் பெயரும் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் மருத்துவரிடம் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு அதற்காக அலைவது பெரும்பாடு.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்க வேண்டும். பெயர் எழுதாமல் விட்ட பழைய சான்றிதழோடு வந்து தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலும் சான்றிதழில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும். கடைசி இரண்டு வருட மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் கையோடு வரட்டும். மொழிபெயர்ப்பை இங்குள்ள நீதிமன்றப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ளலாம். எந்த அலுவலகம் எதைக் கேட்கிறது என்று தெரிவதற்கு முன் ஊரில் முத்திரை மேல் முத்திரை குத்திப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

மூன்றாவது, ஜெர்மன். பிள்ளைகள் எப்படியும் கற்றுக்கொள்வார்கள். நான் சொல்வது அம்மா அப்பாவுக்கு. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, கோவையில் கோத்தே சென்ட்ரம் இருக்கிறது. ஆபீஸில் ஆங்கிலம் போதும் என்று கம்பெனியில் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பள்ளியிலிருந்து வரும் கடிதம், பெற்றோர் கூட்டம், டீச்சரின் குறிப்பு எல்லாம் ஜெர்மனில்தான் வரும். குடும்பத்தில் ஒருவராவது ஏ2 அளவுக்கு, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் அளவுக்குப் படித்துவிட்டு வந்தால் முதல் வருடத்தின் பாதிக் கஷ்டம் குறையும்.

வரும் மாதமும் முக்கியம். பவேரியாவில் புதிய கல்வியாண்டு செப்டம்பர் நடுவில் தொடங்கும். ஜூலையிலோ ஆகஸ்டிலோ வந்துவிட்டால் பிள்ளை எல்லோரோடும் சேர்ந்து முதல் நாள் வகுப்புக்குப் போகலாம். வேலையில் சேரும் தேதியைப் பேசும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

முகவரிதான் பள்ளி

நம் ஊரில் பள்ளியைப் பார்த்து அட்மிஷன் வாங்கிவிட்டு அதன் பக்கத்தில் வீடு தேடுவோம். இங்கே அது தலைகீழ். அரசு ஆரம்பப் பள்ளிக்கு குருண்ட்ஷூலே என்று பெயர். ஒவ்வொரு குருண்ட்ஷூலேவுக்கும் ஸ்ப்ரெங்கல் என்று ஓர் எல்லை உண்டு. உங்கள் தெரு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பள்ளியில்தான் இடம். நுழைவுத்தேர்வோ நன்கொடையோ கட்டணமோ கிடையாது. பாடப்புத்தகங்களைப் பள்ளியே இரவல் தரும், வருடக் கடைசியில் திருப்பித் தர வேண்டும்.

எனவே வரிசை இப்படித்தான்: வீட்டுக்குக் குடி போய் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுத்தாள், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு நேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போங்கள். மியூனிக்கில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. பெரும்பாலோர் முதல் மூன்று நான்கு மாதம் தற்காலிக வீட்டில் இருந்துவிட்டுத்தான் மாறுகிறார்கள். அப்படி மாறினால் பிள்ளையின் பள்ளியும் மாறும். தற்காலிக வீட்டையும் நிரந்தர வீட்டையும் முடிந்தவரை ஒரே பகுதியில் தேடுங்கள். எங்கள் மகள் முதல் வருடத்திலேயே இரண்டு பள்ளி மாறினாள். இரண்டாவது பள்ளியின் முதல் வாரம் அவள் வீட்டில் தமிழ்கூடச் சரியாகப் பேசவில்லை. அந்த வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இங்கே பள்ளிக்குப் போவது உரிமை மட்டும் இல்லை, சட்டக் கட்டாயம். வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லித்தர அனுமதி இல்லை. விடுமுறைக்கு முன்பே டிக்கெட் மலிவு என்று ஊருக்குக் கிளம்புவதும் தவறு. பவேரியாவின் விமான நிலையங்களில் போலீஸார் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு கிளம்பிய குடும்பங்களைச் சோதித்து நடவடிக்கை எடுத்தது 2018ல் பெரிய செய்தியானது. அபராதம் ஆயிரம் யூரோ வரை போகலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கிடையாது. அண்ணன் கல்யாணம், தாத்தா காரியம் போன்ற காரணங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால் தலைமையாசிரியர் விடுப்புத் தருவது உண்டு. சொல்லாமல் மட்டும் போகாதீர்கள்.

வேலைக்குப் போகும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: முதல் வகுப்புப் பிள்ளை பதினொன்றரை மணிக்கே வீட்டு வாசலில் நிற்கும் நாளும் உண்டு. மதியத்துக்குப் பின் பார்த்துக்கொள்ள ஹோர்ட், மிட்டாக்ஸ்பெட்ரோயுங் என்று தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2026 ஆகஸ்டு முதல், முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் பராமரிப்பு கேட்கும் சட்ட உரிமை நாடெங்கும் வருகிறது. பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரியும். சட்டம் வந்தாலும் விண்ணப்பத்தை பள்ளியில் சேர்க்கும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

ஆறு வயதுக்குள் என்றால்

இந்த வயதில் வருகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு வயது முடிந்த பிள்ளைக்குப் பகல் பராமரிப்பு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. மூன்று வயதுக்குள் கிரிப்பெ, மூன்றிலிருந்து ஆறு வரை கிண்டர்கார்டன். இரண்டையும் சேர்த்துப் பொதுவாக கிட்டா என்பார்கள். மியூனிக்கில் நகராட்சியின் கிட்டா ஃபைண்டர் இணையதளத்தில் பதிய வேண்டும். ஒன்று இரண்டு என்று நிறுத்தாமல் சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பதியுங்கள். பதிந்துவிட்டுக் காத்திருக்காமல் நேரில் போய் முகம் காட்டுங்கள். இடம் காலியாகும்போது அது உதவுகிறது.

கிண்டர்கார்டனில் எழுத்தும் கணக்கும் சொல்லித்தர மாட்டார்கள். நம்மவர்களுக்கு முதலில் வயிற்றைக் கலக்குவது இதுதான். "ஊரில் யூ.கே.ஜி. பிள்ளை வாக்கியமே எழுதுது, இங்கே மண்ணில் புரளுது" என்று என் மாமியார் போனில் வருத்தப்பட்டார். பயப்பட வேண்டாம். மண்ணில் புரளும்போதுதான் பிள்ளை ஜெர்மன் கற்கிறது. மதியம் ஒரு மணிக்குக் கூட்டிவந்துவிடாமல் மூன்று நான்கு மணி வரை விட்டால் மொழி வேகமாக வரும்.

பள்ளி தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒன்றரை வருடம் முன்பு பிள்ளையின் ஜெர்மனைச் சோதிக்கும் முறையை பவேரியா 2025லிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. போதவில்லை என்றால் 240 மணி நேர முன்வகுப்பு உண்டு. அது தண்டனை இல்லை, இலவசமாகக் கிடைக்கும் உதவி, கட்டாயம் அனுப்புங்கள்.

செப்டம்பர் 30க்குள் ஆறு வயது முடியும் பிள்ளை அந்த வருடமே பள்ளியில் சேர வேண்டும். ஜூலை 1க்கும் செப்டம்பர் 30க்கும் இடையில் பிறந்தநாள் வந்தால், சேர்ப்பதா ஒரு வருடம் தள்ளுவதா என்று பெற்றோர் முடிவு செய்யலாம். நம் ஆட்கள் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள். ஜெர்மன் இன்னும் திக்கித் திக்கித்தான் வருகிறது என்றால் நான் தள்ளிப்போடத்தான் சொல்வேன். கிண்டர்கார்டனில் கிடைக்கும் கூடுதல் ஒரு வருடம் நான்காம் வகுப்பில் கைகொடுக்கும்.

ஆறிலிருந்து பத்து: நான்காம் வகுப்பை மனத்தில் வைத்து

ஜெர்மன் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு டாய்ச்கிளாஸெ என்ற மொழி வகுப்பு சில பள்ளிகளில் உண்டு. மற்ற இடங்களில் சாதாரண வகுப்பிலேயே உட்காரவைத்து, வாரத்தில் சில மணி நேரம் தனியாக ஜெர்மன் சொல்லித்தருவார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்பில் வருகிறவர்களுக்கு இரண்டாவது வழியே போதும். மூன்று, நான்கில் வந்தால் டாய்ச்கிளாஸெ இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இனி மிக முக்கியமான இடம். பவேரியாவில் நான்காம் வகுப்பின் மே மாதத் தொடக்கத்தில் பிள்ளையின் கையில் ஒரு சான்றிதழ் வரும். ஐந்தாம் வகுப்பிலிருந்து எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். வகைகள் மூன்று. பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி கிம்னாசியம், இது பதின்மூன்றாம் வகுப்பு வரை. பத்தாம் வகுப்போடு முடிவது ரெயால்ஷூலே. தொழிற்பயிற்சியை நோக்கியது மிட்டெல்ஷூலே.

மூன்று பாடங்களின் மதிப்பெண்ணை வைத்துத்தான் இந்தத் தீர்ப்பு: ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறவியல். இங்கே 1 என்றால் முதல் தரம், 6 என்றால் தோல்வி. சராசரி 2.33 வரை இருந்தால் கிம்னாசியம், 2.66 வரை இருந்தால் ரெயால்ஷூலே. இதைச் சுலபமாக இப்படி நினைவில் வையுங்கள்: மூன்று பாடத்தையும் கூட்டினால் கிம்னாசியத்துக்கு 7க்குள் வர வேண்டும், ரெயால்ஷூலேவுக்கு 8க்குள். வராவிட்டால் மே மாதத்தில் சேர விரும்பும் பள்ளியில் மூன்று நாள் சோதனை வகுப்புக்குப் போகலாம். அங்கே ஜெர்மன், கணக்கு இரண்டிலும் 4 வாங்கினால்கூட, சேர்ப்பதா வேண்டாமா என்பது பெற்றோர் முடிவு.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் போன ஒன்றைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். தாய்மொழி ஜெர்மன் இல்லாத, முதல் வகுப்பிலிருந்தே ஜெர்மன் பள்ளியில் படிக்காத பிள்ளைகளுக்கு வரம்பு வேறு. மதிப்பெண் குறைவுக்குக் காரணம் மொழிதான், அது சரியாகிவிடும் என்று பள்ளி கருதினால், சராசரி 3.33 வரை இருந்தாலும் கிம்னாசியத்துக்குத் தகுதி என்று எழுதலாம். அதாவது கூட்டுத்தொகை 10 வரை. என் மகளுக்குக் கணக்கில் 2, சுற்றுப்புறவியலில் 3, ஜெர்மனில் 3. கூட்டினால் 8. பள்ளியில் ரெயால்ஷூலே என்று எழுதிக் கொடுத்தார்கள், நாங்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இப்படி ஒரு சலுகை இருப்பதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு குடும்பத்துக்கு உதவப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே இரண்டாம் வகுப்பிலோ அதற்குப் பிறகோ வந்த பிள்ளை என்றால், நான்காம் வகுப்பின் நவம்பர் மாதப் பெற்றோர் சந்திப்பிலேயே வகுப்பாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: "இவளுக்கு 3.33 வரம்பு பொருந்துமா?" மே மாதத்தில் கேட்டால் காலம் கடந்துவிட்டிருக்கும். ஆசிரியர் தயங்கினால் அரசின் பள்ளி ஆலோசனை மையம் இருக்கிறது. மியூனிக் நகராட்சியிலும் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கென்று கல்வி ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. இரண்டும் இலவசம்.

ஒன்பது வயதுப் பிள்ளையோடு வருவதா, ஒரு வருடம் முன்னே பின்னே தள்ளுவதா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் முன்னே வாருங்கள். நான்காம் வகுப்பின் நடுவில், பிப்ரவரியில் வந்து இறங்குவது பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம். அதைத் தவிர வேறு எந்த மாதமும் பரவாயில்லை.

ரெயால்ஷூலே கிடைத்தால் அழ வேண்டாம்

நான் அழுதேன், அதனால் சொல்கிறேன். ஊரில் உறவினர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. இந்த அமைப்பில் அடுத்தடுத்துப் பல கதவுகள் இருப்பது அப்போது தெரியாது.

ரெயால்ஷூலேயில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஃபாக் ஓபர்ஷூலே என்ற மேல்நிலைப் பள்ளிக்குப் போகலாம். சுருக்கமாக எஃப்.ஓ.எஸ். பதினொன்றாம் வகுப்பில் பாதி வருடம் ஏதாவது ஒரு தொழிலகத்தில் நேரடிப் பயிற்சி. பன்னிரண்டு முடித்தால் ஹோக்‌ஷூலே எனப்படும் செயல்முறைப் பல்கலைக்கழகங்களில் சேரலாம். பதின்மூன்றாம் வகுப்பும் படித்தால் ஆபிட்டூர் என்ற பல்கலைக்கழகத் தகுதிச் சான்று கிடைத்துப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். இன்னொரு வழி, பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒரு வருட இணைப்பு வகுப்பு படித்து கிம்னாசியத்தின் மேல் வகுப்புகளுக்கே மாறுவது. மிட்டெல்ஷூலேயிலும் பத்தாம் வகுப்பு வரை போகும் தனிப் பிரிவு உண்டு; அதை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால் அங்கிருந்தும் எஃப்.ஓ.எஸ். திறக்கும்.

என் மகள் 2023ல் ரெயால்ஷூலே முடித்து, எஃப்.ஓ.எஸ். தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தாள். அரைவருடப் பயிற்சியில் லேத் பட்டறையில் கையில் எண்ணெய்க் கறையோடு வந்து நின்ற நாளில்தான் அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரிந்தது. 2025 அக்டோபரில் மெக்கட்ரானிக்ஸ் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். கிம்னாசியத்தில் நேராகப் போயிருந்தாலும் இதே படிப்புக்குத்தான் வந்திருப்பாள் என்கிறாள்.

கல்லூரிக்கே போகாமல் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்குப் போகும் வழியையும் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். இரண்டிலிருந்து மூன்றரை வருடம், சில நாள் கம்பெனியில் வேலை, சில நாள் தொழிற்பள்ளி, மாதாமாதம் உதவித்தொகை. வங்கி ஊழியர், செவிலியர், ஆய்வகப் பணியாளர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் இங்கே இப்படித்தான் உருவாகிறார்கள். முடித்த பிறகும் மேற்படிப்புக்கு வழி இருக்கிறது.

பத்திலிருந்து பதின்மூன்று

ஐந்தாம் வகுப்பிலோ அதற்கு மேலோ வரும் பிள்ளையைப் பெரும்பாலும் மிட்டெல்ஷூலேயில் உள்ள டாய்ச்கிளாஸெயில் போடுவார்கள். அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்பில் கெட்டியான பிள்ளை என்றால், ஊரின் மதிப்பெண் பட்டியலைக் காட்டி அருகிலுள்ள கிம்னாசியம் அல்லது ரெயால்ஷூலேயில் விருந்தினர் மாணவராகச் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் பிள்ளை தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வார்கள். இது தலைமையாசிரியரின் கையில் இருப்பதால் ஒரு பள்ளி மறுத்தால் அடுத்த பள்ளியில் கேளுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் பலம்; இரண்டையும் முன்னால் வைத்துப் பேசுங்கள்.

பதினான்குக்கு மேல்: கிளம்பும் முன்பே முடிவெடுங்கள்

இந்த வயதுக்கு நான் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஜெர்மன் தெரியாமல் வந்து அரசுப் பள்ளியில் ஆபிட்டூர் வரை போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் மிகக் குறைவு, அதற்கு அவர்கள் கொடுக்கும் உழைப்பு மிக அதிகம்.

சர்வதேசப் பள்ளி ஒரு வழி. மியூனிக் சுற்றுவட்டாரத்தில் ஆங்கில வழியில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) பாடத்திட்டப் பள்ளிகள் உண்டு. வருடக் கட்டணம் 20,000 யூரோவுக்கு மேல் போகும். சொந்தச் சம்பளத்தில் தாங்காது; வேலை ஒப்பந்தம் பேசும்போதே கம்பெனி கட்டுமா என்று கேளுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது. ஐ.பி. முடித்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால் பாடத் தேர்விலேயே கவனம் வேண்டும். கணிதமும் ஓர் அறிவியல் பாடமும் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது உயர்நிலைப் பாடமாக இருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் தவறாக எடுத்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டு ஊரிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவைப்பது இன்னொரு வழி. படிப்புக்கு நல்லதுதான். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெற்றோரைச் சார்ந்த விசா பதினெட்டு வயதுக்குள் விண்ணப்பித்தால்தான் உண்டு. பன்னிரண்டு முடிக்கும்போது பதினெட்டு முடிந்துவிட்டால், சொந்தப் பிள்ளையே மாணவர் விசாவில்தான் வர வேண்டும். அதற்கு இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று வேண்டும், 2022 நவம்பரிலிருந்து இது கட்டாயம். மாதாமாதம் ஓரளவு மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஒரு வருடச் செலவுக்குப் பணம் காட்டவும் சொல்வார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. பிறந்த தேதியையும் தேர்வு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊரில் முடித்த பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் வைத்து இங்கே நேராக இளநிலைப் பட்டத்தில் சேர முடியாது. ஷ்டூடியன்கோலெக் என்ற ஒரு வருட ஆயத்தக் கல்லூரியில் படித்துத் தேர்வு எழுத வேண்டும். அதில் நுழையவே பி1, பி2 அளவு ஜெர்மன் வேண்டும். அல்லது இந்தியாவில் ஒரு கல்லூரியில் முதல் வருடம் முடித்துவிட்டு அதே துறையில் விண்ணப்பிக்கலாம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சி பெற்றிருந்தால் தொழில்நுட்பத் துறைகளுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்க வழி உண்டு. இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கின்றன. ஆங்கில வழிப் படிப்புகள் முதுநிலையில்தான் ஏராளம்.

பல்கலைக்கழகச் செலவு

பவேரியா 2013ல் கல்விக் கட்டணத்தை நீக்கிவிட்டது. லுட்விக் மாக்ஸிமிலியன் பல்கலைக்கழகத்திலும் மியூனிக் ஹோக்‌ஷூலேயிலும் பருவத்துக்கு ஒரு சிறு மாணவர் நலச் சேவைக் கட்டணம் மட்டுமே. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மட்டும் 2024 அக்டோபர் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து புதிதாக வரும் மாணவர்களிடம் வசூலிக்கிறது. இளநிலைக்குப் பருவத்துக்கு 2,000 அல்லது 3,000 யூரோ, முதுநிலைக்கு 4,000 அல்லது 6,000. விலக்குகள் உண்டு, ஜெர்மனியில் ஆபிட்டூர் முடித்திருப்பது அதில் முக்கியமானது. பக்கத்து மாநிலமான பாடன் வூர்ட்டம்பெர்க்கில் 2017லிருந்து பருவத்துக்கு 1,500 யூரோ. அங்கும் ஜெர்மன் ஆபிட்டூர் உள்ள இந்தியப் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. மருத்துவம் போன்ற இடங்களுக்கான போட்டியிலும் இங்கே ஆபிட்டூர் முடித்தவர்களை ஜெர்மானிய மாணவர்களோடு ஒரே வரிசையில்தான் வைப்பார்கள். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது அங்கே தடையாகாது.

வீட்டுக் கணக்கில் இன்னும் இரண்டு குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒன்றுக்கு அரசு தரும் கிண்டர்கெல்ட் 2026ல் மாதம் 259 யூரோ; படிப்பு தொடர்ந்தால் 25 வயது வரை வரும். ஐந்து வருடம் குடியிருப்பு அனுமதியோடு இருந்த பிள்ளை பதினாறு வயதானதும் தன் பெயரிலேயே நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். அதன் பிறகு அப்பாவின் வேலை மாறினாலும் பிள்ளையின் படிப்பு அதை நம்பி நிற்காது.

திரும்பிப் போகும் எண்ணம் இருந்தால்

மூன்று வருட ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் நிறைய. அவர்கள் முதல் நாளிலிருந்தே ஒன்றைச் செய்ய வேண்டும்: தமிழ் எழுதப் படிக்கவைப்பது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். எட்டாம் வகுப்பில் திரும்பிப் போய் அகரம் தொடங்குவது பிள்ளைக்குப் பெரும் துன்பம். 1980களில் போர் காரணமாக இங்கே வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் தமிழாலயங்கள் என்ற பெயரில் வார இறுதிப் பள்ளிகளைப் பல நகரங்களில் கட்டி வளர்த்திருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் என் மகனுக்கு இன்று ஒரு வரி தமிழ் படிக்கத் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று முதல் மாதமே விசாரியுங்கள்.

கல்லூரிக்குத் தமிழ்நாடு திரும்பும் எண்ணமிருந்தால் இருப்பிடச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உள்ளிட்ட பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டில் படிக்காதவர்களிடம் அது கேட்கப்படும். நீட் எழுதும் எண்ணம் இருந்தால், இங்கே கிம்னாசியத்தின் மேல் வகுப்புகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றில் ஒன்றையும் விட்டுவிடாமல் எடுக்க வேண்டும். ஜெர்மானியப் பிள்ளைகள் அவற்றில் ஒன்றோ இரண்டோ விட்டுவிடுவது வழக்கம், அதனால் பள்ளியில் யாரும் உங்களை எச்சரிக்க மாட்டார்கள். பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வரும் வாரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களே சரிபாருங்கள்.